ஒரு மில்லி ஓட்டை

அந்த ஃபைலைச் சித்தெ இப்படிக் காட்டுங்க அம்மிணி. பயப்படாதீங்க, நான் டாக்டர் இல்லீங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுங்களா, எக்கோன்னு மேல எழுதியிருந்துச்சு, அதான் கண்ணு அங்க போயிருச்சு. யாருக்குங்க? அப்பாவுக்குங்களா. இருதயத்தோட பம்பிங் எத்தனை பர்சன்ட்டுன்னு போட்டிருக்காங்க? முப்பது. ம். கம்மிதானுங்க. ஆனா மாத்திரையிலயே காலத்தை ஓட்டறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, டாக்டரு சொல்றதைக் கேட்டு நடந்துக்கங்க. பத்து, பன்னெண்டுன்னு எறங்கி, கட்டிலை விட்டு எந்திரிக்க முடியாதவங்க இருக்காங்க பாருங்க, அவுங்களுக்குத்தான் நான் வேலை செஞ்சேன்.

என்ற பேரு வெள்ளிங்கிரிங்க. கோயமுத்தூரு, கணபதி. பம்ப் டிசைனர்.

சிரிக்காதீங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. கோயமுத்தூருக்காரன் பம்ப்புன்னா கெணத்துப் பம்ப்புன்னுதான் நெனப்பாங்க. அதுலயும் இருந்தேன். டிப்ளமோ முடிச்சதும் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில சேந்து இருவத்திமூணு வருசம். கம்பெனி பேரு எதுக்குங்க, விடுங்க. போர்வெல்லுக்குள்ள எறக்கற பம்ப்புக்கு இம்பெல்லர் வரையறதுதான் என்ற சோலி. இம்பெல்லர்ன்னா உள்ள சுத்துற சக்கரம். தண்ணியை உறிஞ்சித் தள்ளறது அதுதான்.

பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் டாக்டர் தயாபரன் எங்க கம்பெனிக்கு வந்தான். வந்தான்னுதானுங்க சொல்லுவேன். முன்னெல்லாம் வந்தாருன்னு சொல்லிட்டிருந்தேன். வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவன். வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். ஊருக்கு வெளிய ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சிருந்தான். இருதயம் சோந்து போனவங்களுக்கு உள்ள வெக்கற ரத்தப் பம்ப் செய்யோணும், கையளவுகூட இருக்கக் கூடாது, அதுக்கு ஆளு வேணும்னான். எங்க முதலாளி என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு.

"ரத்தத்தைப் பம்ப் பண்ண முடியுமாண்ணா?"ன்னு கேட்டான். மொத நாளே அண்ணாங்கறான்.

"ரத்தமும் தண்ணிதானுங்க. கொஞ்சம் கோவக்காரத் தண்ணி. அவ்வளவுதான்"னேன்.

அவன் அப்படிச் சிரிச்சான். மறு மாசம் நான் அவன்கிட்ட வேலைக்குச் சேந்துட்டேன்.

கோவக்காரத் தண்ணின்னு நான் வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. உள்ள எறங்கிப் பாத்தாத்தான் தெரியுது எவ்வளவு கோவம்னு. இம்பெல்லர் ஒரு ரூபாய்க் காசளவு. அது நிமிசத்துக்கு அஞ்சாயிரம் சுத்து சுத்தோணும். வேகமா சுத்துனா ரத்தத்துல இருக்கற சிவப்பணுவெல்லாம் ஒடைஞ்சு போயிரும். மெதுவா சுத்துனா ரத்தம் ஒரு மூலைல நின்னுரும். நின்னா உறையும். உறைஞ்ச கட்டி ஒண்ணு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போச்சுன்னா ஆளு முடிஞ்சாரு. தண்ணிப் பம்ப்புல ஒரு மூலைல தண்ணி நின்னா நாம கவலைப்படுவமா? இங்க நிக்கவே கூடாது. அடிக்கவும் கூடாது, நிக்கவும் விடக் கூடாது. சின்னக் கொழந்தையை வெச்சுச் சமாளிக்கற மாதிரிதானுங்க.

அங்க ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு. மார்த்தாண்டத்துப் பக்கம். இருவத்தாறு வயசிருக்கும் அப்போ. நெம்ப சூட்டிப்பு. காலைல ஆட்டு ரத்தம் கேன்ல வரும், உறையாம இருக்க மருந்து கலந்து. அதை எங்க பம்ப்புல ஊத்தி ஆறு மணி நேரம் ஓட்டுவா. அப்பறம் கொஞ்சம் எடுத்து மெசின்ல சுத்தி விட்டா செவப்பு அடில தங்கிரும், மேல தெளிவு நிக்கும். அந்தத் தெளிவு மஞ்சளா இருந்தா பம்ப்பு பாஸ். ரோஸ் கலர் அடிச்சுதுன்னா அணு ஒடைஞ்சு கரைஞ்சிருக்குது, ஃபெயில். பதினாலு மாசம் எங்களுக்கு ரோஸ்தானுங்க. ரோஸைத் தாண்டுனா இம்பெல்லருக்குப் பின்னாடி கட்டி. கழட்டிப் பாத்தா கல்லீரல் துண்டு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்.

இம்பெல்லருக்கு முன்னாடி ரத்தம் ஓடுது. பின்னாடிதான் நிக்குது. அந்த எடத்துக்கு என்ன பண்றது? தயாபரன் கம்ப்யூட்டர்ல கலர் கலராப் படம் போட்டுப் பாத்துட்டே இருந்தான். நான் ஒரு நாள் மத்தியானம் சோறு தின்னுட்டு இருக்கறேன், டக்குனு தோணுச்சு. கெணத்துப் பம்ப்புல இம்பெல்லர் நடுவுல மூணு ஓட்டை போடுவமுங்க. பின்னாடி சேர்ற அழுத்தத்தைக் கொறைக்கறதுக்கு. ஏன் இங்க அதைப் போடக் கூடாது? அங்க அழுத்தத்துக்கு. இங்க கழுவறதுக்கு. அந்த ஓட்டை வழியா ரத்தம் பின்னாடி புகுந்து, கழுவிட்டு, மறுபடி முன்னாடி வந்துரோணும். நேரா இல்லை, சாய்வா. ரெண்டு மில்லிமீட்டர், மூணு ஓட்டை.

கையைக் கழுவுனனோ இல்லையோ, நானே டிரில்லைப் புடிச்சுப் போட்டேன். டைரியில படம் வரைஞ்சு தேதி போட்டேன். ஜெனிட்டா ஓட்டுனா. சாயங்காலம் ட்யூபைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றா. எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சள். கழட்டுனா பின்னாடி சுத்தம். அந்தப் புள்ள அழுதுருச்சு. என்ற டைரியை வாங்கி, நான் வரைஞ்ச படத்துக்குக் கீழ 'பார்த்தேன், ஓடியது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. தயாபரன் என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "அண்ணா, நீங்கதாண்ணா இந்த பம்ப்பு"ன்னான். அன்னிக்கு எங்கூட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரி கையால சந்தவை தின்னான். மூணு வருசம் மாசத்துக்கு ஒருக்கா வந்து தின்னான். அதையெல்லாம் நான் மறக்கலைங்க.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்பறம் பெரிய ஓட்டல்ல விழா வெச்சாங்க. பேட்டன்ட் கெடைச்சிருச்சு, அதுக்கு. பேட்டன்ட்டுன்னா இதைக் கண்டுபுடிச்சது இன்னாருன்னு சர்க்கார் எழுதிக் குடுக்கறது. எங்கூட்டுக்காரி பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்தா. நானே என்ற தங்கச்சி, மச்சான் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன். திரையில பெருசா எழுத்து வருது. கண்டுபிடித்தவர்: டாக்டர் தயாபரன். அவ்வளவுதான். அதுக்குக் கீழ ஒண்ணுமில்லை. அடுத்த பக்கம் வரும்னு நெனச்சேன். அடுத்த பக்கம் வந்துச்சு. அதுல இருதயப் படம்.

அதோட விட்டானா? முதல் போடறதுக்குப் பம்பாயிலிருந்து வந்தவங்களைக் கூட்டிக்கிட்டு எங்க மேசைக்கு வந்தான். என்ற தோளு மேல கையைப் போட்டு, "இவர் நம்ம ஃபிட்டர். கைவேலைல கெட்டிக்காரர்"னான். இங்கிலீசுலதான் சொன்னான். ஃபிட்டர்ங்கறது எந்தப் பாசைல சொன்னாலும் ஃபிட்டர்தானுங்களே.

வண்டில திரும்பி வர்றப்ப எங்கூட்டுக்காரி பின்னாடி உக்காந்துக்கிட்டுக் கேக்கறா, "ஏனுங்க, நீங்க ஃபிட்டருங்களா?"

சிங்காநல்லூர்ல இருந்து கணபதி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. என்ற நெஞ்சுக்குள்ள என்னமோ ஒண்ணு நின்னுருச்சுங்க அன்னிக்கு.

மறுநாள் போயிக் கேட்டேன். கேக்காம இல்லை. "என்னுங்க இப்படிப் பண்ணிட்டீங்க"ன்னு நேராவே கேட்டேன்.

"அண்ணா, டிப்ளமோ பேரைப் போட்டா முதல் போடறவங்க யோசிப்பாங்கண்ணா. அடுத்ததுல கட்டாயம் போடறேன். மனசுல வெச்சுக்காதீங்க"ன்னான்.

மனசுலதான் வெச்சேன்.

வேலையை விட்டுப் போட்டு வந்திருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். போனா யாருக்கு நட்டம்? நான் இருந்தேன். ஒரு வருசம். குட்மார்னிங் சொன்னேன், வணக்கம் சொன்னேன், அவன் அண்ணான்னா நானும் சொல்லுங்கன்னேன். சந்தவைக்கு மட்டும் கூப்பிடலை. ஞாயித்துக்கிழமை தனியாப் போயி ஓட்டையை வெவ்வேற அளவுல போட்டு ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். அடுத்ததுக்கு அவன் வருவான்னு தெரியும். அவன் வர்றப்ப அவனை விட நான் ஒரு அடி முன்னாடி நிக்கோணும். அதுல ஒண்ணு புடிச்சேன். ஓட்டை ஒன்றரை மில்லிக்குக் கீழ போச்சுன்னா, ஆறு மணி நேரம் நல்லாத்தான் ஓடுது. ஒன்பதாவது மணில ஓட்டைக்குள்ள செவப்பு நூலு மாதிரி ஒண்ணு தெரியுது. அப்பறம் அடைச்சுக்குது. இதை நான் டைரியில எழுதலை. யாருகிட்டயும் சொல்லலை. இது என்றது. இதையாவது என்றதா வெச்சுக்கலாம்னு.

அடுத்த வருசம் சின்ன பம்ப்பு ஆரம்பிச்சாங்க. கொழந்தைகளுக்கு, ஒல்லியான பொம்பளைகளுக்கு. நெஞ்சுல எடம் இருக்காதுங்களே. இம்பெல்லர் சட்டைப் பித்தான் அளவு. தயாபரன் என்ன பண்ணுனான், பெரிய பம்ப்போட எல்லா அளவையும் பாதியாக்கச் சொல்லிட்டான். எல்லாத்தையும். ஓட்டையும் பாதி. ஒரு மில்லி.

ஜெனிட்டா டிராயிங்கை எடுத்துக்கிட்டு என்ற மேசைக்கு வந்தா. காயிதத்தை விரிச்சு வெச்சு ஓட்டை மேல விரலை வெச்சா.

"சார், இது ஒரு மில்லி போதுமா? எனக்கு என்னமோ மனசு ஒப்பல."

நான் பாத்தேன். நல்லாவே பாத்தேன்.

"டெஸ்ட் பண்ணுனியா?"

"ஆறு மணி நேரம் ஓட்டினேன் சார். மஞ்சளாத்தான் வந்தது. ஆனாலும்... நீங்க பாத்துச் சரின்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

"சரிதானம்மா"ன்னேன்.

இதுல நான் பொய்யி சொல்லலைங்க. டிராயிங் சரிதான். பெரிசுல ரெண்டுன்னா பாதி ஒண்ணு. கணக்கு சரி. கோடு சரி. அவ கேட்ட டிராயிங்கு சரி. அதை வரையச் சொன்னவன் மேலதான் தப்பு. அவ கையெழுத்துப் போட்டுட்டுத் தாங்க்ஸ் சொல்லிட்டுப் போனா.

ஏன் அம்மிணி அப்படிப் பாக்கறீங்க? சங்ககிரி வந்துருச்சுங்களா? இல்லை, இன்னும் இல்லை.

செம்மறியாட்டுக்கு வெச்சாங்க. மனுசனுக்கு வெக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான். ஆட்டோட இருதயம் கிட்டத்தட்ட நம்ம கொழந்தைக இருதயம் அளவு. ஜெனிட்டா அதுக்குப் பேரு வெச்சிருந்தா, மரிக்கொழுந்துன்னு. அகத்திக்கீரை கொண்டாந்து ஊட்டுவா. உயிரோட இருக்கற உடம்புல ரத்தம் உறையாம மருந்து ஓடும், அதனால ஒன்பது மணிலயே அடைக்காது. நாளாகும். எத்தனை நாளுன்னு எனக்கே தெரியலை. அஞ்சாம் நாள் பம்பாய்க்காரங்க பாக்க வந்தாங்க. நான் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போனேன். அன்னிக்கு எனக்கு அங்க ஒரு சோலியுமில்லை. ஆனாலும் போனேன்.

ஆடு நின்னு கீரை தின்னுக்கிட்டிருக்குது. எல்லாரும் அதையே பாக்கறாங்க, கை தட்டறாங்க, போட்டோ எடுக்கறாங்க. நான் மீட்டரைப் பாத்தேன். இருவத்திமூணு வருசம் பம்ப்பு பாத்தவன். பம்ப்புக்குச் சீக்குன்னா மொதல்ல கரண்ட்டுதான் சொல்லும். ஆம்ப்ஸ் மெல்ல ஏறுது. புள்ளி நாலு. புள்ளி நாலரை. புள்ளி அஞ்சு. அரை மணி நேரம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. அந்த ரூம்பே என்ற கைக்குள்ள இருந்த மாதிரி இருந்துச்சுங்க. வாழ்க்கைல அப்படி ஒரு அரை மணி நேரம் எனக்கு வந்ததில்லை. நான் வாயைத் தொறந்தா வேகத்தை மாத்தி, மருந்தைக் கூட்டி, ஆட்டைக் காப்பாத்தியிருக்கலாம். தொறக்கலை.

தயாபரன் பேசிக்கிட்டே இருந்தான். "வருங்காலத்துல ஒரு கொழந்தைகூட..."ன்னு ஆரம்பிச்சான். அலாரம் அடிச்சுது. ஆடு முன்னங்காலை மடிச்சு மண்டி போட்டுருச்சு. கீரை வாயிலயே இருந்துச்சு.

அவன் மூஞ்சியப் பாக்கோணுமே நீங்க! வெளுத்து, வேர்த்து, உதடு ஆடுது. என்னையப் பாத்தான். "அண்ணா, என்னாச்சுண்ணா?"ங்கறான். "தெரியலீங்களே, நான் ஃபிட்டர்தானுங்களே"ன்னேன். சன்னமாத்தான் சொன்னேன். அவனுக்குக் கேட்டுச்சோ என்னமோ. எனக்குக் கேட்டுச்சு. அது போதும்.

அதோட கதை முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

விசாரணை வெச்சாங்க. பம்ப்பைக் கழட்டுனா மூணு ஓட்டையும் அடைப்பு. டிராயிங்ல யாரு கையெழுத்து? ஜெனிட்டா. தயாபரன் நெஞ்சு நிமித்திச் சொல்றான், "பொறுப்பான இன்ஜினியர் அவங்கதான்"னு. பாதியாக்கச் சொன்னதே இவன்! நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன். விசாரணைக்காரரு அந்தப் புள்ளைகிட்டக் கேக்கறாரு, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யாரையாச்சும் கலந்து பேசினீங்களா?"

ஜெனிட்டா என்னையப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா.

"இல்ல சார். நானேதான் முடிவு பண்ணினேன்"ன்னா.

பயந்த சுபாவமுங்க. இல்லாட்டி என்னைய இழுத்து விட்டிருப்பா. விட்டிருந்தா நானும் எல்லாத்தையும் போட்டு ஒடைச்சிருப்பேன். அவ சொல்லலை, அதனால நானும் சொல்றதுக்கு வழியில்லாமப் போச்சு. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கவனக்குறைவுன்னு காயிதத்துலயே எழுதிட்டாங்க. போறப்ப என்ற கிட்ட வந்து, "உங்க பேரைச் சொன்னா உங்களையும் அனுப்பிருவாங்க சார். உங்களுக்கு இந்த வயசுல வேற எங்க கிடைக்கும்"னா. எனக்கென்ன வயசு அப்போ? அம்பத்தொண்ணு! அதைப் போயி அப்படிச் சொல்றா.

பம்பாய்க்காரங்க போயிட்டாங்க, மையத்தை மூடிட்டாங்க. தயாபரன் நடுத்தெருவுக்கு வருவான்னு பாத்தேன். ஐதராபாத்துல அதை விடப் பெரிய எடத்துல தலைவனாப் போயி உக்காந்துட்டான். என்ற ஓட்டையை வெச்சே. பெரிய பம்ப்பு நல்ல பம்ப்புதானுங்களே, அதுல என்ற ரெண்டு மில்லி ஓட்டைதானே இருக்குது. நான் மறுபடியும் கெணத்துப் பம்ப்புக்கு வந்துட்டேன். நாலு வருசம். காலைல பல்லு வெளக்கறப்ப அவன் நெனப்பு. சாயங்காலம் காப்பி குடிக்கறப்ப அவன் நெனப்பு.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு போனு. ஜெனிட்டா.

"சார், நல்லா இருக்கீங்களா? நான் இப்ப பெங்களூருல ஒரு சின்னக் கம்பெனில இருக்கேன். சின்ன பம்ப்பைச் சரி பண்ணிட்டேன் சார். மூணு ஓட்டை வேண்டாம், நடுவுல ஒரே ஓட்டை, பெருசா. ஆடு தொண்ணூறு நாள் தாண்டிருச்சு."

எனக்குச் சந்தோசந்தானுங்க. இல்லாமயா?

அவ சொன்ன விசயம் இதுதான். ஓட்டை பேட்டன்ட்டு தயாபரன் பேருல இருக்குது. அவன் அனுமதி இல்லாம இவுங்க செய்ய முடியாது. ஆனா அதைக் கண்டுபுடிச்சது அவனில்லைன்னு நிரூபிச்சா பேட்டன்ட்டே ரத்து. என்ற டைரி இருக்குதே, தேதியோட, அவ கையெழுத்தோட! மனுப் போட்டாச்சு, விசாரணைக்கு அவனும் நேர்ல வரோணும். "வருவீங்களா சார்?"ன்னா. வருவீங்களாவா! போனை வெச்சுட்டு எங்க சந்துல ரெண்டு ரவுண்டு நடந்தேன், உடம்பு சூடாகி.

போன மாசம் இதே பஸ்ஸுல பெங்களூரு போனேன். வக்கீல் முன்னாடி டைரியை வெச்சேன். நாலு பக்கம் வாக்குமூலம் எழுதி, சந்தோசமாக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் காப்பி எடுக்க வெளிய போனாரு. நானும் அவளும் மட்டும். நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தோம். அவ அந்தச் சின்ன பம்ப்பைக் கையில வெச்சுச் சுத்திக்கிட்டே சொல்றா:

"அப்ப ஒரு மில்லின்னு போட்டது எவ்வளவு பெரிய தப்பு சார். ஒன்பது மணி நேரம் ஓட்டினாத்தான் தெரியுது. ஆனா அன்னைக்கு அது யாருக்குத் தெரியும்? உங்களுக்கே தெரியல."

உங்களுக்கே தெரியலையா? அந்த வார்த்தை எங்க போயிக் குத்துச்சுன்னு எனக்கே தெரியலைங்க. அவன் ஃபிட்டர்னான். இவளுமா?

"எனக்கா தெரியாது?"ன்னேன். "ஒன்றரைக்குக் கீழ போனா ஒன்பதாவது மணில நூலு விழும்னு, நீ டிராயிங் கொண்டு வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து நான் கண்டுபுடிச்சது அது!"

அவ கையில பம்ப்பு நின்னுருச்சு.

அப்பறம், "நான் கேட்டேனே சார்"ன்னா. அவ்வளவுதான். சத்தம் போடலை.

"நான் தயாபரனைத்தாம்மா நெனச்சேன். உன்னைய நெனக்கலை"ன்னேன். நெசந்தானுங்க அது. அவளை நான் நெனக்கவே இல்லை. அவ மேல எனக்கு என்ன கோவம்?

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஒரு காயிதம் எடுத்தா. "மனுசங்களுக்கு வெச்சுப் பாக்க அனுமதி கேட்டிருக்கோம் சார். என் மேல பழைய கவனக்குறைவு இருக்கறதால என்னைப் பொறுப்புல போடக் கூடாதுன்னுட்டாங்க. நாலு வரி எழுதிக் கொடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, நான் கேட்டேன், நீங்க சரின்னீங்க. அது போதும்."

வக்கீல் திரும்பி வந்து படிச்சுட்டுத் தலையை ஆட்டறாரு. இதை நான் எழுதிக் குடுத்தா, தயாபரனோட வக்கீல் இதையே புடிச்சுக்குவாராம். பழி வாங்கறதுக்காக ஒரு உயிரையே சாக விட்டவன், இவன் சாட்சியை எப்படி நம்பறதுன்னு. கேஸு படுத்துருமாம். ஜெனிட்டா சொல்றா, "படுத்தாப் படுக்கட்டும் சார். தயாபரன் சார்கிட்ட அனுமதி வாங்கிச் செஞ்சுக்கலாம், கம்பெனில அதுக்கும் ரெடியாத்தான் இருக்காங்க. எனக்கு என் பேர் வேணும்."

அவன்கிட்டயே போயி அனுமதி! இது எப்படி இருக்குது பாருங்க. காயிதத்தை வாங்கிக்கிட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு ஊருக்கு வந்துட்டேன்.

எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், எல்லாத்தையும். அவ சோத்துக்கு அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டா. முடிஞ்சதும், "நாலு வரிதானுங்களே, எழுதிக் குடுங்க"ங்கறா.

"உனக்காகத்தான்டி பண்ணுனேன். அன்னிக்கு வண்டில ஃபிட்டருங்களான்னு கேட்டியே, அந்த அவமானத்துக்குத்தான்"னேன்.

அவ கையை ஒதறிக்கிட்டுத் திரும்புனா. "எந்த அவமானம்? எங்கப்பா மில்லுல முப்பது வருசம் ஃபிட்டருங்க. கம்ப்யூட்டர்லயே உக்காந்திருக்கறீங்களேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், கையிலயும் செய்வீங்களான்னு சந்தோசமாத்தான் கேட்டேன். நீங்கதான் வாயே தொறக்கலை. என்ற பேரை இதுல இழுக்காதீங்க."

என்ற மாமனாரு ஃபிட்டருதானுங்க, நான் மறக்கலை. அது வேற, இது வேற. பொம்பளைகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் புரியாது. கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை.

நான் யோசிச்சு ஒரு முடிவு பண்ணியிருக்கறேன். கேஸு முடியட்டும். மேல்முறையீடு, அது இதுன்னு ஒரு ஆறேழு வருசம் ஆகுமாமா. முடிஞ்ச மறுநாளே அந்த நாலு வரி எழுதிக் குடுத்துருவேன். நாலு என்ன, நாப்பது வரி எழுதறேன். அந்தப் புள்ளைக்கு இப்ப முப்பத்தாறுதான் ஆகுது. பொறுமைசாலி. அதுக்கு நாள் இருக்குது. எனக்கு இல்லீங்களே. நாளைக்குப் பத்தரை மணிக்கு விசாரணை, அவன் எதிர்ல உக்காரப் போறேன். டைரியைத் தொறந்து, பக்கத்தைத் திருப்பி, அவன் பக்கமா நகர்த்தி வெக்கோணும். எப்படி நகர்த்தறதுன்னுகூட எங்கூட்டு மேசைல செஞ்சு பாத்துட்டேன்.

ஒரு நிமிசமுங்க. போனு. அவதான், ஜெனிட்டா.

சொல்லும்மா... ஆமா, பஸ்ஸுலதான் இருக்கறேன், தொப்பூரு ஏறிக்கிட்டிருக்குது... என்ன? கேக்கலை, சத்தமாச் சொல்லு... வர வேண்டாமா? ஏன், தேதி மாத்திட்டாங்களா?... வாபஸா? யாரு வாபஸ் வாங்குனா?... நீ ஏம்மா சொன்னே? கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிக் கம்பெனிக்கு நீ எதுக்குச் சொல்றே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?... ஒப்பந்தமா. அவன்கூடவா... ம்... ம்... அவனா? அவன் எழுதிக் குடுத்தானா? பாதியாக்கச் சொன்னது நான்தான்னு, அவனே?... நேத்தேவா... கையெழுத்துப் போட்டு... ம்... என்ற பேரா? எங்க?... அவன் பேருக்குக் கீழயா... யாரும்மா கேட்டா இதை? நான் கேட்டனா உன்னைய? நான் வந்துக்கிட்டிருக்கறேன், நேர்ல பேசிக்கலாம், வெக்காதே... உடம்பு நல்லாத்தான் இருக்குது எனக்கு, உடம்பைப் பத்தி யாரு கேட்டா... ஜெனிட்டா... அம்மிணி...

வெச்சுட்டா.

கேட்டீங்களா? முடிஞ்சு போச்சாமா. அவளைத் தேடி அவனே பெங்களூரு வந்தானாமா. நாலு வரி எழுதிக் குடுத்துட்டானாமா, தப்பு அவனோடதுன்னு. அவனுக்கு அந்தச் சின்ன பம்ப்புல பங்கு வேணும், அதுக்குத்தான், வேற எதுக்கு? நல்லவனாயிட்டானா அவன்? அடுத்த மாசத்துல இருந்து இவதான் பொறுப்பாமா. பேட்டன்ட்டுல என்ற பேரையும் சேத்துக்கறாங்களாமா. அவதான் கேட்டு வாங்குனாளாமா. அவன் பேரு மேல, என்ற பேரு கீழ, ரெண்டும் ஒரே காயிதத்துல, காலத்துக்கும். நாளைக்கு நான் என்னத்தை நகர்த்தறது? எவன் முன்னாடி?

என்னையக் கேக்கவே இல்லை பாருங்க. அஞ்சு வருசத்துக்கு மேல நெஞ்சுல வெச்சிருந்தவன் நானு. என்னையக் கேக்காம ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சுட்டாங்க. அவனை விட இவ பண்ணுனதுதானுங்க பெருசு. இதை நான் விடறதா இல்லை.

அடிக்குது, அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா. மறுபடி போட்டுப் பாக்கறேன்... எடுக்கலை. என்ற நம்பர்னு தெரிஞ்சுதான் எடுக்கலை.

அம்மிணி, உங்க போனைச் சித்தெ குடுங்க. புது நம்பர்னா எடுப்பா. ஒரே ஒரு வார்த்தைதானுங்க கேக்கோணும், ஒரு நிமிசம்கூட ஆகாது. நம்பர் நான் சொல்றேன், நீங்களே போட்டுக் குடுத்தாலுஞ் சரி.

ஏனுங்க அம்மிணி, போனை எதுக்குப் பைக்குள்ள வெக்கறீங்க?